வரலாறு, நோக்கம், குறிக்கோள், நாற்காலி

மார்ச் 2

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

என் போனைத் தாங்கள் எடுப்பதில்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன். இதைத் தம்பியின் கடிதமாக எண்ண வேண்டாம். சமுதாயக் கல்லூரியின் முதல்வர், அதே கல்லூரியைத் தொடங்கி வைத்த ஆசிரியைக்கு எழுதும் அலுவல் கடிதமாக எண்ணவும்.

இம்மாதம் இருபதாம் தேதி தரச்சான்றுக் குழு கல்லூரிக்கு வருகிறது. அவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சிடுகிறோம். முதல் பக்கத்தில் கல்லூரியின் வரலாறு, நோக்கம், குறிக்கோள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்பது விதி. நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆரம்ப கால விவரங்களில் பிழை இருந்தால் அதை மட்டும் திருத்தி அனுப்பவும். மற்றவற்றில் கை வைக்கத் தேவையில்லை.

இன்னொரு செய்தியைப் பிறர் சொல்லித் தாங்கள் அறிவதைவிட நானே சொல்வது முறை. இந்த மாதக் கடைசியோடு மாலை எழுத்து வகுப்பை நிறுத்துகிறோம். அதற்குச் சான்றிதழ் கிடையாது, தேர்வு கிடையாது, எப்போது முடியும் என்பதும் கிடையாது. வயதானவர்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கல்லூரிப் படிப்பு என்று குழுவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள் வீட்டில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கோபித்துக்கொண்டு போனபோது கையோடு தூக்கிப்போன நாற்காலியும் நலமாக இருக்கும்.

இப்படிக்கு,
முதல்வர்

*

மார்ச் 7

முதல்வர் தம்பிக்கு,

'தாங்கள்' என்று எழுதினால் திட்டு விழாது என்று யார் உனக்குச் சொன்னது? மூக்கு ஒழுக என் பின்னால் திரிந்தவன் எனக்கு அலுவல் கடிதம் எழுதுகிறாய். போகட்டும், நானும் அலுவலாகவே பதில் சொல்கிறேன்.

உன் தாளைப் படித்தேன். மகள் என்ன சிரிப்பு என்று கேட்டாள். 'தொலைநோக்குச் சிந்தனை கொண்ட தொழிலதிபர் ஒருவரின் கருணைக் கரங்களால் உருப்பெற்ற இக்கல்விச் சோலை.' எந்தக் கரம்? பிஸ்கட் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு, எங்களுக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று ஒரு தாளில் அத்தனை பேரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனானே, அந்தக் கரமா? என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. அவன் போட்டுவிட்டுப் போன கொட்டகையில்தான் நாம் நுழைந்தோம். பூட்டை உடைத்தவன் நீ. உன் கல்விச் சோலையில் அந்தச் சுத்தியலைக் காணோமே?

மறந்திருப்பாய், சொல்கிறேன். முதல் நாள் மாலை உட்கார ஒன்றுமில்லை. நாளைக்கு வீட்டிலிருந்து ஆளுக்கொரு நாற்காலி எடுத்து வாருங்கள் என்றேன். அதுவே சட்டமானது. நாற்காலி போட்டவர் சேர்ந்தவர். படிப்பை முடித்தவர் அதைக் கல்லூரிக்கே விட்டுப் போவார். பாதியில் நிறுத்துகிறவர் தூக்கிக்கொண்டு போவார். ஆகவே நம்மிடம் 'இடமில்லை' என்ற பேச்சே இருந்ததில்லை. முதல் பாடமும் அன்றே சொன்னேன்: "வாய் என்ன வேணா சொல்லும். தாள்ல என்ன இருக்குன்னு பாரு, அதை நம்பு." கைநாட்டு வைத்து ஏமாந்தவர்களுக்கு வேறு என்ன சொல்லித் தருவது?

நீ முதல்வரானாய். அறைக்கு நாற்பது இரும்பு நாற்காலி வாங்கித் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினாய். நாற்பத்தோராவது ஆள் வாசலோடு திரும்பினான். பழைய நாற்காலிகளையும் எழுத்து வகுப்பையும் சேர்த்துப் பின்கொட்டகைக்குத் தள்ளினாய். கூட்டத்தில் கேட்டதற்கு, "இது காலேஜ்க்கா, சத்திரம் இல்ல" என்றாய். சரி, நான் பாதியில் நிறுத்துகிறவள் என்று என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சட்டப்படி நடந்தவள் நான் ஒருத்திதான்.

இப்போது அந்தக் கொட்டகையையும் பூட்டப் போகிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன், அதைக் கொஞ்சம் நல்ல தமிழிலாவது மறைக்கக் கூடாதா? உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நான் எழுதித் தருகிறேன். தனித்தாளில் வைத்திருக்கிறேன், இதை அச்சடி:

*வரலாறு. இது ஒரு கொட்டகை. இங்கே ஏழைகள் வந்து படித்தார்கள். அது பழைய கதை. அதை மறந்துவிட்டோம்.*

*நோக்கம். பெரிய மனிதர் வருவார். அவருக்குக் காட்ட நல்ல அறை வேண்டும். நல்ல நாற்காலி வேண்டும்.*

*குறிக்கோள். வயதானவர் இங்கே வர வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் இந்தக் கல்லூரிக்கு அசிங்கம். மீன் வாடை வேண்டாம். பஸ் அழுக்கு வேண்டாம். அவர்களுக்கு நாற்காலி வீண். மாதம் முடிந்ததும் துரத்திவிடுவோம்.*

பிழை இருந்தால் திருத்திக்கொள். இருக்காது.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

அலுவல் கடிதம் எழுதியது என் தப்பு. இனி 'நீ'தான்.

உனக்கு ஒன்று புரியவே இல்லை. ஏழை படிக்கிற இடத்தில் கூரை ஒழுக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? உன் நாற்காலிகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்கிறாயே, ஒன்றுக்கு முதுகு கிடையாது, ஒன்றுக்கு மூன்றே கால். பிளம்பர் வகுப்பில் ஒருவர் விழுந்து இடுப்பு பிசகிப் படுத்துக் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது நீயா நானா? நான் முதல்வரான பிறகு எலக்ட்ரீஷியன் வகுப்பு வந்தது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான வகுப்பு வந்தது. அதில் படித்தவர்களுக்கு வேலை கிடைத்தது. சான்றிதழில் குழுவின் முத்திரை இருந்தால்தான் இனிமேல் வேலை. முத்திரைக்காக நான் இன்னும் பத்து 'கல்விச் சோலை' எழுதுவேன். தமிழ் நாறினாலும் பரவாயில்லை.

நீ நல்லவள் என்ற பெயரைச் சம்பாதித்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய். கூரையை மாற்றுகிற வேலை எனக்கு. ஊரே உன்னை நினைத்து உருகுகிறது. என்னைப் பார்த்தால் 'அக்கா எப்ப வருவாங்க' என்கிறார்கள். நீ அங்கே பால்கனியில் உன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நான் முழுகுவதைப் பார்த்துச் சிரிக்கிறாய்.

நீ அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். அந்த ஆத்திரத்தில் ஆபீஸ் குமாஸ்தா மேஜையில் வீசி, "இதுக்கு ஒரு வழி பண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் ஈயடிச்சான்தான். எதைக் கொடுத்தாலும் புள்ளி பிசகாமல் அடிப்பான், மூலத்தில் செத்த ஈ ஒட்டியிருந்தால் அதையும் அடிப்பான் என்று நீதானே பெயர் வைத்தாய். குப்பைத்தொட்டி அவன் மேஜைக்குக் கீழேதான் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 16

தம்பிக்கு,

இடுப்பு பிசகியவரை நான்தான் தூக்கிப்போனேன் என்று சொல்லவில்லை. கூரை நல்லதுதான். கூரைக்குக் கீழே யார் என்பதுதான் என் கேள்வி. நீ அதற்குப் பதில் சொல்லாமல் மழையைப் பற்றியே பேசுகிறாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பஸ் கழுவுகிறவர் இருக்கிறாரே, அவர் வகுப்புக்கு வந்ததே பஸ் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரைப் படிக்கத்தான். இத்தனை வருஷம் கழுவினேன், எது எங்கே போகிறது என்று தெரியாமலே கழுவினேன் என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது படிக்கிறாரா? சந்தையில் மீன் வெட்டித் தருகிற அந்தப் பெண்? நான் கிளம்பும்போது அவள் இரண்டு வரி தாண்டினால் வியர்த்துப் போவாள். இன்னும் கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். அந்தக் கொஞ்ச நாளைத்தான் நீ வெட்டுகிறாய்.

வகுப்பை மூடாதே. இதைக் கெஞ்சலாக எடுத்துக்கொள்ளாதே. உன்னிடம் கெஞ்சுகிற நிலைமை எனக்கு வரவில்லை.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உட்கார்ந்து படி.

குழு வந்தது. மூன்று பேர். அவர்களுக்கு நடுவில் பளபளவென்று நம் புத்தகம். தலைவர் முதல் பக்கத்தைத் திறந்து விரலால் தடவிக்கொண்டே, வரலாறும் நோக்கமும் குறிக்கோளும் 'மிகத் தெளிவாக' இருப்பதாகப் பாராட்டினார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிரதியைத் திறந்தேன். 'இது ஒரு கொட்டகை' என்று ஆரம்பித்தது.

அடுத்த ஒரு மணி நேரம் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்காதே.

ஈயடிச்சானைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பயப்படக்கூட இல்லை. "அக்கா கையெழுத்துல இருந்துச்சு சார். அக்கா கையெழுத்துல வர்றது நேரா அச்சுக்குத்தானே போகும்?" என்றான். அவன் சொன்னதும் சரிதான். இந்தக் கல்லூரியில் எத்தனை வருஷமாக எந்த நோட்டீஸ் உன் கையால் எழுதாமல் அச்சானது? இரண்டு தாள் இருந்தால் உன் தாள்தான் கடைசித் திருத்தம் என்று அவனுக்குப் பழக்கம். என்னுடையதைத்தான் தொட்டியில் போட்டிருக்கிறான்.

குழு யாரும் படிக்கவில்லை, அக்கா. ஒரு வரி படிக்கவில்லை. தாள் தடிமன் பார்த்தார்கள், தலைப்பு மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தார்கள், முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்கள். முத்திரை கிடைத்துவிட்டது. ஏழைகளைத் துரத்துவோம் என்று அச்சடித்துக் கொடுத்த கல்லூரிக்கு முத்திரை. இந்த முண்டங்களுக்காகவா நான் ஒரு வாரம் உட்கார்ந்து 'தொலைநோக்கு' எழுதினேன்?

மிச்சப் பிரதிகள் என் கண்ணில் படக்கூடாது, பின்னால் எங்காவது போட்டு வை என்று ஈயடிச்சானிடம் சொல்லிவிட்டேன். எழுத்து வகுப்பு இந்த மாதத்தோடு சரி, அதில் மாற்றமில்லை. நானே போய் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். ஆனால் நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். நீயும் சிரிப்பாய் என்று தெரியும்.

தம்பி

*

மார்ச் 26

தம்பி,

சிரித்தேன். இருமல் வரும்வரை சிரித்தேன். பேரப்பிள்ளை பயந்து அழுதுவிட்டது.

என் எழுத்து முதன்முதலாகப் பளபளத் தாளில் வந்திருக்கிறது, அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பத்துப் பிரதி அனுப்பு. தலைவர் தடவின பிரதி கிடைத்தால் அதையும் அனுப்பு, சட்டம் போட்டு மாட்டுகிறேன். இத்தனை வருஷம் உண்மையைக் கத்திக் கத்திச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அச்சடித்துக் கையில் கொடுத்தோம், அப்போதும் படிக்கவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்தால் மாட்டுக்காவது தோல் நனையும்.

ஈயடிச்சானை ஒன்றும் சொல்லாதே. அந்த இடத்தில் மூளையோடு வேலை செய்கிறவன் அவன் ஒருவன்தான்.

வகுப்பை மூடுவதில் மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறாய். முத்திரைதான் கிடைத்துவிட்டதே, இனி யாருக்குப் பயப்படுகிறாய்?

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

பிரதிகளை அனுப்பப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஈயடிச்சான் அந்தக் கட்டைப் பின்கொட்டகையில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். மாலை வகுப்பில் வாசிப்புப் புத்தகம் பழசாகித் தாள் தாளாகப் போய்விட்டது. புதுப் புத்தகம் வந்திருக்கிறது என்று அவர்களே பிரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார்தான் இப்போது வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். அவர் வருவதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பஸ் கழுவுகிறவர்தான் சத்தமாகப் படித்தாராம். ஆமாம், நன்றாகப் படிக்கிறார். நீ கேட்டாயே, தெரிந்துகொள். 'மீன் வாடை வேண்டாம்' என்று வந்தபோது அந்தப் பெண் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாளாம். எல்லோரும் விரலை வைத்து அந்தப் பக்கத்தை இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார்களாம். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று சரி பார்த்திருக்கிறார்கள்.

வகுப்பு மூடப்படுகிறது என்று சொல்ல நான் அப்போதுதான் போனேன். எதிரே வந்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் நாற்காலி. பஸ் கழுவுகிறவர் எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.

மறுநாள் சந்தைக்குப் போய் மீன் வெட்டுகிற பெண்ணிடம் சொன்னேன். அது நிஜமில்லை, வேடிக்கைக்கு எழுதியது, எழுதியது நான் இல்லை, அக்கா என்றேன். உன்னைச் சொன்னால் சமாதானமாகிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அக்காவா எழுதினாங்க? நீங்கதான் எழுதினீங்கன்னு நெனச்சு நாங்க மனசைத் தேத்திக்கிட்டோம் சார்."

வகுப்பை மூட மாட்டேன், வாருங்கள் என்றேன். ஆமாம், சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அதற்கு அவள், "வாய் என்ன வேணா சொல்லும் சார். தாள்ல இருக்குல்ல?" என்றாள்.

நான் இரண்டு வருஷமாக மூட முடியாத வகுப்பை நீ ஒரே பக்கத்தில் மூடிவிட்டாய். நான் எழுதியது அச்சாகியிருந்தால் ஒருவரும் படித்திருக்க முடியாது. 'தொலைநோக்கு'க்குள்ளேயே மூச்சு வாங்கிப் புத்தகத்தை மூடியிருப்பார்கள். நீ எழுதியது உன் பாடம் மாதிரியே இருக்கிறது. சின்னச் சொல், சின்ன வாக்கியம். அவர்களுக்கென்றே எழுதியது மாதிரி.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது. கொட்டகையில் போய் உட்காரலாம் என்று போனேன், மூலையில் காலொடிந்த பழசுகள்தான், உட்கார ஒன்றுமில்லை.

தம்பி

*

ஏப்ரல் 5

தம்பி,

உன் கடிதத்தை மகளிடம் காட்டவில்லை. வெட்கமாக இருக்கிறது.

உன்னை அடிக்க ஓங்கியது அவர்கள் தலையில் விழுந்துவிட்டது. எழுதும்போது அவர்களை நான் நினைக்கவே இல்லை. உன் முகம் எப்படிக் கோணும் என்றுதான் நினைத்தேன். மீனையும் பஸ்சையும் எழுதியபோது நன்றாக விழுந்தது என்று எனக்கே சந்தோஷம். குழு படிக்கவில்லை என்று சிரித்தேன் பார், படிக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். நான்தான் படிக்க வைத்தேன். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குத்துகிற பேச்சும் உலகத்தில் உண்டு என்று அவர்களுக்கு நான் சொல்லித் தரவில்லை. தாளில் இருந்தால் நிஜம் என்று மட்டும் சொல்லித் தந்தேன்.

வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நம்பக் கூடாது. இத்துடன் இருக்கும் தாளைக் கொட்டகைக் கதவில் ஒட்டு:

*நான் உங்கள் அக்கா. அந்தத் தாளை எழுதியது நான். எனக்குத் தம்பி மேல் கோபம். அவனைக் குத்த எழுதினேன். அது உங்களைக் குத்திவிட்டது. அதில் இருப்பது பொய். நீங்கள் அசிங்கம் இல்லை. நீங்கள் வந்ததால்தான் இது கல்லூரி. மாலை வகுப்பு நடக்கும். இதை யாரும் மூட மாட்டார்கள். உங்கள் நாற்காலியை எடுத்து வாருங்கள். நானும் எடுத்து வருகிறேன்.*

கீழே என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். வகுப்பை நடத்த மனமிருந்தால் போடு. இல்லாவிட்டால் இதை ஒட்டாதே, கிழித்துவிடு. அவர்களுக்குத் தாளில் பொய் கொடுத்தது ஒரு தடவை போதும்.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

இரண்டு நாள் என் மேஜையிலேயே கிடந்தது. முத்திரை தந்த குழு நாளைக்கே இதைக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். பிறகுதான், அவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன்.

ஈயடிச்சான் அச்சடிக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், உன் கையெழுத்திலேயே இருக்கட்டும் என்று ஒட்டச் சொன்னேன்.

நேற்று மாலை மீன் வெட்டுகிற பெண் வந்தாள். கதவுக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து முழுவதும் படித்தாள். எனக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. முடித்துவிட்டு, "இந்தக் கையெழுத்து உங்களோடதா?" என்றாள். ஆமாம் என்றேன். வாயால் சொன்னேனே, அது போதுமா? பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டி அந்தத் தாளிலேயே இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒரு கல்லூரி முதல்வரை இப்படி யாரும் சோதித்ததில்லை. உன் மாணவிதான், சந்தேகமே இல்லை.

நாளைக்கு நாற்காலி கொண்டு வருகிறீர்களா என்று கேட்டேன்.

"அக்கா நாற்காலி வரட்டும் சார். அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை வண்டியைப் பிடி. ஸ்டேஷனுக்கு நான் வந்து தூக்கிக்கொள்கிறேன். வெறுங்கையோடு மட்டும் வராதே.

தம்பி